டாக்டர்தான் கொலைகாரர்

தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் படிப்பதும் பக்கத்தைப் புரட்டுவதும் உங்கள் சௌகரியம். முடிவு தெரிந்துவிட்டால் படத்தில் அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்க்க முடியும் என்பவர்களும் உண்டு. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, சைகோனில், கையில் மைக்கோடு, ஊர் பார்க்க நான் மானத்தைக் கப்பலேற்றிய கதை இது. படத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் யாராவது இருக்கலாம். (திருந்திவிட்டேன்.)

அப்போது நான் டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் குமாஸ்தா. அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வந்தவர், அம்மா சைகோன்காரி. ஆகவே தமிழும் வியட்நாமியமும் எனக்கு ஒரே வேகத்தில் வரும். இரண்டிலும் யோசிக்காமல் பேசுவான் லூர்து என்று என்னைப் பாராட்டுவார்கள். (அந்த 'யோசிக்காமல்' என்ற சொல்லை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.)

இது போதாதென்று தெரேஸ்மீது காதல் வேறு. தெரேஸ் ஒரு கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்து அரைச் சிரிப்புச் சிரிப்பாள். மீதி அரைக்காக நான் அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பேன். அவளுக்கு என்மேல் விருப்பம் என்பது அவள் அம்மாவுக்குத் தெரியும், என் வீட்டுக்குத் தெரியும், மணியடிக்கும் கோயில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சம்மதிக்க வேண்டியவர் அவள் அப்பா, முசே அருளப்பன். ('முசே' என்றால் பிரெஞ்சில் 'ஐயா'.)

முசே அருளப்பன் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் இரண்டே பக்தி. ஒன்று மாதா, இன்னொன்று மர்மக்கதை. பிரெஞ்சுத் துப்பறியும் நாவல் வாங்கினால் கடைசி அத்தியாயத்தை நூலால் தைத்துவிடுவார், தவறிக்கூடக் கண் போய்விடக் கூடாதென்று. (தெரேஸ் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் ஜாதி. தையலைப் பிரித்துப் படித்துவிட்டு, பழையபடி தைத்தும் வைப்பாளாம்.) அந்தப் படம் தமிழ்நாட்டில் வெளியானதிலிருந்தே அதற்காக அவர் தவம் கிடந்தார். சிங்கப்பூரில் படத்தைப் பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர் ஒருவரை, எங்கே வாய் தவறிச் சொல்லிவிடுவாரோ என்று, தனி அறையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் படப்பெட்டி சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்தது. ஞாயிறு காலை ஒரே ஒரு காட்சி. மறுநாள் பெட்டி பாங்காக்குக்குப் போயாக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சைகோன் தியேட்டர்களில் வெளிநாட்டுப் படம் ஓடினால், ஒருவர் ஓரமாக உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, வசனங்களை அப்போதைக்கப்போது வியட்நாமியத்தில் சொல்லிக்கொண்டே வருவார். தமிழ்ப் படத்துக்கும் அது தேவைப்பட்டது. நம் ஆட்களில் பலருடைய மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் தெரியாது. வழக்கமாக மைக் பிடிப்பவருக்கு அந்த வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. முசே அருளப்பன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, மைக்கை நீ புடி. ஆள் எப்படின்னு நானும் பாத்துக்கறேன். படம் நல்லபடியா முடியட்டும், உங்க அப்பாவை வீட்டுக்கு வரச் சொல்லு. பேசுவோம்."

பேசுவோம்! அதாவது இது மாப்பிள்ளை வேலைக்கு இண்டர்வியூ.

சனிக்கிழமை ஆபரேட்டர் எனக்காகப் படத்தை ஒருமுறை ஓட்டிக் காட்டினார். ஊட்டி பங்களா, ஒரு பணக்காரர், அவர் சொத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நான்கைந்து பேர், ஒரு கொலை. யார் செய்தது என்பது கடைசியில்தான் தெரியும். நான் ஆடிப்போய் வெளியே வந்தால் வாசலில் முசே அருளப்பன் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"கிட்ட வராதே! நாளைக் காலைல வரைக்கும் என் எதுக்க வராதே. உன் மூஞ்சியைப் பாத்தா யாருன்னு கண்டுபுடிச்சுடுவேன். போ, போ! அலே, அலே!"

மறுநாள் தியேட்டர் நிரம்பி வழிந்தது. போர்க்காலம் ஆகையால் வாசலில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். புடவையும் வியட்நாமியப் பெண்களின் ஆவ் யாய் உடையும் கலந்து, பிள்ளைகளின் கூச்சலோடு, ஒரே கல்யாண வீட்டுக் களை. முசே அருளப்பன் படத்துக்கு மரியாதையாக வெள்ளை சூட் போட்டு, டை கட்டி நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வைரவன். செட்டிநாட்டுக் கடை ஒன்றுக்கு ஊரிலிருந்து அந்த வாரம்தான் வந்து இறங்கியவர். வியட்நாமியத்தில் ஒரு வார்த்தை தெரியாது. தெரேஸின் அம்மாவோ என் அம்மாவைப் போல வியட்நாம்காரர். வசனம் தனக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று முதல் வரிசையில், என் முக்காலிக்கு நேர் கீழே, தர்ப்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெரேஸ் அவருக்குப் பக்கத்தில்.

படம் தொடங்கியது. என் குரல் எனக்கே பிடித்திருந்தது. பணக்காரருக்கு ஒரு குரல், டிரைவருக்கு ஒரு குரல் என்று பின்னிக்கொண்டிருந்தேன். அப்போது பங்களாவுக்குள் குடும்ப டாக்டர் நுழைந்தார். வெள்ளை முடி, சாந்தமான முகம். வந்ததும் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கீழேயிருந்து தெரேஸின் அம்மா கேட்டார். "அது யாரு, தம்பி?"

வியட்நாமியத்தில் பெரியவர்கள் கேட்டால் முதலில் 'யா' என்று பணிவாகச் சொல்லித்தான் பதிலைத் தொடங்க வேண்டும். அவரை நான் பெரியம்மா முறையில் 'பாக்' என்று கூப்பிடுவேன். அதிலும் வருங்கால மாமியார். பெரியவர் கேட்டதற்கு முழுப் பதில் சொல்லாமல் விடக் கூடாது என்று என் அம்மா என்னை வளர்த்திருந்தார்.

"யா, பாக், குடும்ப டாக்டர்."

"நல்லவரா?"

"யா, பாக், நல்லவர் மாதிரிதான் இருப்பார். ஆனா கடைசியில பாத்தா இவர்தான் கொலை பண்றவர். பாலில் மருந்தைக் கலந்துடுவார்."

எவ்வளவு பணிவாகச் சொன்னேன் தெரியுமா! மைக் என் வாய்க்கு முன்னால் இருந்தது. பணிவு பால்கனி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

படத்தில் அப்போது இன்னும் யாரும் சாகவே இல்லை. பணக்காரர் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் சாகப்போகிறார் என்கிற செய்தியையும் சேர்த்து நானே அறிவித்திருந்தேன்.

நடு வரிசையிலிருந்து, "மோன் தியே! கடவுளே!" என்று ஓர் அலறல். முசே அருளப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரை வெளிச்சத்தில் அவர் டை ஆடியது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இருக்கைகளில் இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தெரேஸ் போச்சு, கல்யாணம் போச்சு. சமாளிக்க நினைத்து, "மன்னிக்கவும், டாக்டர் ரொம்ப நல்லவர்" என்று மைக்கில் அறிவித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "எனக்கென்னவோ டிரைவர்மேல்தான் சந்தேகம்" என்றேன். "பொய் சொல்லாதே, தம்பி" என்று ஒரு அம்மாள் அதட்டினார். தெரேஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். (கிடையாது.)

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டாக்டர் சிரித்தால் தியேட்டரே பதறியது. டாக்டர் குழந்தையைத் தூக்கினால், "கீழே விடுடா பாவி!" என்று நாலா பக்கமும் கூச்சல். அவர் பால் டம்ளரை எடுத்தபோது பெண்கள் எழுந்து நின்று, "குடிக்காதே! குடிக்காதே!" என்று பணக்காரருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அவருக்கு வியட்நாமியம் தெரியாததால் குடித்துவிட்டார். தெரேஸின் அம்மா தர்ப்பூசணி விதைப் பொட்டலத்தைத் திரைமேல் வீசினார். அவ்வளவு உற்சாகத்தோடு அந்தத் தியேட்டரில் யாரும் படம் பார்த்திருக்க மாட்டார்கள்.

வைரவனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "ஏன் எல்லாரும் கத்துறாக? டாக்டரு தங்கமான மனுசனால்ல இருக்காக!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம்.

இடைவேளைக்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன். பின்சுவரில் சாய்ந்துகொண்டு முசே அருளப்பன் நின்றிருந்தார். மனசு கேட்கவில்லை போலும். கடைசிவரை அங்கேயே நின்று பார்த்தார். கடைசிக் காட்சியில் டாக்டர் கையில் விலங்கு விழுந்ததும் எல்லோரும் கைதட்ட, வைரவன் மட்டும் "ஆத்தாடி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் முசே அருளப்பன் என்னைத் தாண்டிப் போய் நேராக வைரவன் கையைப் பிடித்தார்.

"சொல்லு, தம்பி. டாக்டர்னு தெரிஞ்சப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

"பகீர்னு ஆயிருச்சுய்யா. அவுக குடுத்த பாலை நானே குடிச்ச மாதிரி வயித்தைக் கலக்கிருச்சு."

முசே அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தரம் சொல்லு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்குக் கிடைக்க வேண்டிய அந்தப் பகீரை நான் பிடுங்கி, யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இருந்தாலும் அப்பா போய்ப் பெண் கேட்டார், நானும் கூடப் போனேன். முசே அருளப்பன் காப்பி கொடுத்தார், கேக் கொடுத்தார். "நல்ல விஷயம் கேக்க வந்திருக்கீங்க. என் பதில் ரெடியா இருக்கு" என்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் என் பக்கம் திரும்பினார். "ஆனா இப்பச் சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்லிட்டா சுவாரசியம் போயிடும், இல்லியா தம்பி?"

அதன் பிறகு நான் பட்ட பாடு! ஒரு ஞாயிறு என்னைக் கட்டிப்பிடித்து விசாரிப்பார். அடுத்த ஞாயிறு யாரென்றே தெரியாத மாதிரிக் கடந்து போவார். ஒருநாள் அவர் வீட்டில் பெரிய மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "புதுச்சேரிலேருந்து வந்திருக்கார், தங்கமான ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்னொரு நாள் என் ஆபீசுக்கே வந்து, "பிரான்சுக்கு, மர்செய்க்கு ஒரு டிரங்குப் பெட்டி அனுப்பணும். பொம்பளைப் புள்ளை சாமான் கொள்ற மாதிரி" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டைக் காலர் தொளதொளத்துவிட்டது. பாங்காக்குக்குப் போக வேண்டிய சரக்கை உள்ளூரில் இருக்கும் சோலோனுக்கு அனுப்பி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம் தெரேஸின் அம்மா இரக்கத்தோடு ஒரு பழத்தைக் கையில் வைப்பார், பிறகு முந்தானை இல்லாத குறைக்குக் கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார். தெரேஸோ ஒன்றும் தெரியாதவள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கிறிஸ்துமஸ் அன்று முசே அருளப்பன் எல்லோரையும் விருந்துக்கு அழைத்தார். மீசைக்காரரும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் முசே கதவைச் சாத்தச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தார்.

"என் பொண்ணைக் கட்டிக்கப்போறவன் இந்த ரூம்லதான் இருக்கான்."

என் அப்பாகூட ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"மீசைக்காரரா? இருக்க முடியாது. இவருக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க. என் வீட்டு பியானோவை ரிப்பேர் பண்ண வந்தவர். அப்ப அந்த டிரங்குப் பெட்டி? அது மர்செய்ல இருக்கற என் தங்கச்சிக்கு. அப்ப மிச்சம் யாரு?" நடை நின்றது. ஆள்காட்டி விரல் மெதுவாகச் சுற்றி வந்து என் மூக்குக்கு நேரே நின்றது. "நீதான்டா!"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "பாத்தியா? பகீர்னு இருந்துச்சா? இதைத்தான்டா எனக்கு இல்லாமப் பண்ணிட்டே!" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார். எனக்கு அவர்மேல் அன்றைக்குத்தான் உண்மையான பாசம் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் தெரேஸ் நிதானமாகக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"படம் முடிஞ்ச அன்னிக்கே அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டார். அம்மா எங்கிட்ட சொல்லிட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்க இப்படி முழிச்சிருக்க மாட்டீங்களே. முடிவு தெரிஞ்சதாலதான் ஒவ்வொரு முழியையும் நான் நிம்மதியா ரசிச்சேன்."

இதெல்லாம் நடந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. நாங்கள் புதுச்சேரிக்கு வந்து, எங்கள் மகளுக்கும் வயது வந்து, அவளைக் கேட்டு ஒரு பையன் பெற்றோரோடு வந்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எத்தனை வருடக் கடன்! மாமனாரை மனதில் வேண்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்தேன். "என் பதில் ரெடியா இருக்கு. ஆனா..." என்று ஆரம்பித்தேன்.

சமையலறையிலிருந்து தெரேஸ் குரல் கொடுத்தாள். "தம்பி, அவர் சரின்னுதான் சொல்லப்போறார். நீங்க கேக்கை எடுத்துக்கோங்க."

பையன் என்னைப் பார்த்தான். கேக்கை எடுத்துக்கொண்டான். வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பரவால்ல மாமா," என்றான். "நீங்க முதல்லேருந்து பண்ணுங்க. நான் பாக்கறேன்."