பென்சீன் வளையத்தில் மாட்டிய மாப்பிள்ளை

பொறாமைக்குப் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் ஒன்று இருந்தால், நான் முதல் வகுப்பில் தேறியிருப்பேன். முன்பின் தெரியாதவன் முன்னேறினால் எனக்கு ஒன்றும் செய்யாது. கூடப் படித்தவன் முன்னேறினால்தான் வயிறு எரியும். அதிலும் அவன் இரசாயனவியலில் இரண்டு தரம் கோட்டை விட்ட ரமணனாக இருந்தால், எரிவு நெஞ்சுவரை ஏறும்.

இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஒழுங்கையில் ரமணன் நெட் கஃபே வைத்திருந்தான். ஆள் வராத நேரங்களில் தனியாக இருந்து ஒரு கேம் செய்தான். 'பிணைப்பு' என்று பெயர். திரையில் மேலேயிருந்து அணுக்கள் விழும். ஐதரசனுக்கு ஒரு கை, ஒட்சிசனுக்கு இரண்டு, காபனுக்கு நாலு. ஒரு கையும் சும்மா இராமல் எல்லாவற்றையும் கோத்துவிட வேண்டும். சரியாகக் கோத்தால் மூலக்கூறு ஒரு சுற்றுச் சுற்றி 'டிங்' என்று மணியடிக்கும். ஒரு கை மிஞ்சினாலும் வெடித்துப்போகும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த 'டிங்'குக்காக என் மாணவர்கள் சோறு தண்ணி மறந்தார்கள்.

"சேர், நீங்கள் ஒரு தவணை முழுக்கப் படிப்பிச்சது ரமணன் அண்ணையின்ர கேமில ஒரு பின்னேரத்தில விளங்கிட்டுது" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். (அடுத்த சோதனையில் நான் அவளுக்குப் புள்ளி குறைக்கவில்லை. குறைக்க நினைத்தேன், அவ்வளவுதான்.)

இதே நேரம் வீட்டில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் அடுத்த ஊர் பாமன்கடை, பெயர் மைதிலி. படத்தில் பார்த்தே எனக்கு அவளை நிரம்பப் பிடித்துவிட்டது. பெண்ணின் தகப்பன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பார் என்று தரகர் எச்சரித்திருந்தார். ஆகவே இஸ்திரி போட்ட சேர்ட்டோடுதான் தினமும் வகுப்புக்குப் போனேன்.

ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு முன்னர் கேமின் கடைசிக் கட்டத்தை வென்று ரமணனின் மூக்கை உடைத்துவிடுவது என்று அவன் கடைக்குள் நுழைந்தேன். கடைசிக் கட்டம் பென்சீன் வளையம், ஆறு காபன்கள் வட்டமாகக் கைகோத்து நிற்பது. கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். திரையில் அது ஐந்தாவது காபனில் வெடித்தது. திரும்பவும் வெடித்தது.

"அவசரப்படாத மச்சான், முதல்ல எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றான் ரமணன். அந்த ஆறுதல்தான் என்னைக் கொன்றது. வகுப்பு நேரம் வந்தது, போனது. என்னைத் தேடி வந்த மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் கூடி நின்று ஒவ்வொரு வெடிப்புக்கும் "ஐயோ சேர்" என்றார்கள். அருமையான கேம் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெரியவரின் குரல் கேட்டது. "வகுப்பு பூட்டிக் கிடக்குது. கெமிஸ்ட்ரி மாஸ்டரைப் பாக்கலாமோ?"

பொலிசும் ஆமியும் தமிழரைப் பிடித்துக்கொண்டு போன அந்த நாட்களில் தெரியாத ஒருவர் வந்து இன்னார் எங்கே என்று விசாரித்தால், இல்லை என்று சொல்வதே வெள்ளவத்தைத் தமிழரின் வழக்கம். யோசிக்கமாட்டோம், வாய் தானாகச் சொல்லும். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் கனடாவுக்குப் போட்டார்" என்றேன்.

"கனடாவோ! எப்ப?"

"போன கிழமை."

"ஓம் அங்கிள், போட்டார்" என்றார்கள் என் மாணவர்கள் ஒரே குரலில். (நான் சொல்லிக்கொடுத்து அவர்கள் பிழையில்லாமல் ஒப்புவித்தது அது ஒன்றைத்தான்.)

ரமணனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் எழுந்து அவருக்குக் கதிரை கொடுத்தான், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான், பஸ் ஏற்றிவிடக் கூடவே போனான். நான் ஐந்தாவது காபனோடு இருந்தேன்.

பின்னேரம் தரகர் போன் எடுத்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "கனடாவோ? இஞ்சதானே இருந்து புட்டுச் சாப்பிடுறான்!" என்று அம்மா கத்தியபோதுதான் வந்தவர் யார் என்று எனக்கு விளங்கியது. புட்டு தொண்டையில் நின்றுவிட்டது.

மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பாமன்கடைக்கு மன்னிப்புக் கேட்கப் போனா. கதவைத் திறந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கனடாவில இருந்து எப்ப வந்தனீர்?"

மைதிலி எனக்கில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே யாரோ சிரித்துச் சிரித்துப் புரையேறும் சத்தம். மைதிலிதான்.

"அப்பா, எனக்கு இவரே போதும்" என்றாள், மூச்சு வந்ததும். "இவர் சொல்லுற பொய் ஒரு நாள்கூட நிக்குதில்ல. பயமில்லாமல் கட்டலாம்."

கதை இதோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமான மனிதன். ஆனால் பஸ் ஏற்றிவிட்ட 'அந்தத் தங்கமான பிள்ளை'யை என் மாமனாராகிவிட்ட பெரியவரால் மறக்க முடியவில்லை. மைதிலியின் தங்கையை ரமணனுக்கே கட்டிக்கொடுத்தார். இன்றும் குடும்ப விசேஷங்களில் மாமா எங்கள் இருவரையும் விருந்தாளிகளுக்கு இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "இவர் சின்ன மருமகன், கேம் செய்தவர். அவர் மூத்தவர், அதில தோத்தவர்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இன்றும் நான் இரசாயனவியல்தான் படிப்பிக்கிறேன். என் மகள் இந்த வருடம் ஏ.எல். எடுக்கிறாள். பாடத்தில் சந்தேகம் வந்தால் சித்தப்பாவிடம் போகிறாள்.