உப்பளத்துக்கு வழிகாட்டிய அம்மையார்

வழி கேட்காமலே போய்ச் சேருவதுதான் மனித நாகரிகத்தின் உச்சம் என்பதில் சான்றோருக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. தூத்துக்குடியில் அந்த உச்சத்தை முதலில் தொட்டவர் ரோடு கான்ட்ராக்டர் வீரபாகு அண்ணாச்சி. தொட்ட இடம், உப்பளத்துப் பாத்தி.

புதுக் கார். முன்னால் சோத்துத் தட்டு அகலத்துக்கு ஒரு திரை. அதற்குள்ளிருந்து ஓர் அம்மையார், "இடப்புறம் திரும்பவும்" என்று மரியாதையாகச் சொல்லுவார். வீட்டில் அந்த மரியாதையைக் கண்டிராத அண்ணாச்சி உடனே திரும்பிவிடுவார். கடலோரம் கட்டியிருக்கும் புது பங்களாவுக்கு அதுவரை ஊரைச் சுற்றித்தான் போய்வந்தார். உப்பளத்துக்கு நடுவே அம்மையார் குறுக்குவழி காட்டியதும், 'எந்தப் புண்ணியவானோ ரோடு போட்டிருக்கான்' என்று மனதார வாழ்த்திக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்வீல் இரண்டும் பாத்திக்குள் இறங்கின.

உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சிச்செல்வி மற்றப் பெண்களையும் கூப்பிட்டுக் காரைத் தள்ளிவிட்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஊறியிருந்தா நல்ல கருவாடா ஆயிருக்கும், அண்ணாச்சி."

அவமானம் பெரிதல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே பங்களாவில் மகள் ரம்யாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கயத்தாற்றிலிருந்து வரிசையாகக் காரில் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா செந்தூர்வேல், நேர்மைக்குப் பேர்போன இன்ஜினியர், ஓய்வு பெற்றவர். அவர் காரிலும் இதே அம்மையார்தானே இருப்பார். பட்டு வேட்டியோடு அவர் பாத்தியில் இறங்கினால் சம்பந்தமும் கூடவே இறங்கிவிடும்.

ஆகவே கார் 'மருத்துவர்' அமலன் அழைக்கப்பட்டார். ஆடியோ, நேவிகேஷன் இரண்டுக்கும் நகரில் அவரே 'ஸ்பெஷலிஸ்ட்'. லேப்டாப்பைக் காரோடு வயரால் இணைத்துவிட்டு, நாடி பார்ப்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜிபிஎஸ் ஆன்டெனா வீக்கா இருக்கு, அண்ணாச்சி."

ஆன்டெனா மாற்றப்பட்டது. கார் உப்பளத்துக்கே போனது.

"அப்ப ஸ்பீக்கர்தான். அந்தம்மா சரியாத்தான் சொல்லுதாங்க, நமக்குத்தான் தப்பாக் கேக்கு."

நான்கு ஸ்பீக்கரும் ஓர் ஊஃபரும் மாட்டப்பட்டன. இப்போது அம்மையார் அதே தப்பு வழியை அடித்தொண்டை அதிர, ஊருக்கே அறிவித்தார். பேச்சிச்செல்வி தூரத்திலேயே சத்தம் கேட்டு, தள்ளுவதற்கு ஆள் சேர்த்து வைத்திருந்தாள்.

கடைசியாக அமலன் சாஃப்ட்வேரை அப்டேட் செய்து, திரையை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். முகம் பிரகாசமடைந்தது.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல, அண்ணாச்சி. மேப்புல ரோடு அம்சமா இருக்கு. தரையிலதான் இல்ல."

"தரையில இல்லாத ரோடு மேப்புல எப்படிலே ஏறுச்சு?"

"போன வருஷம் திறப்பு விழா நடந்துச்சே. போட்டோவெல்லாம் நெட்ல கெடக்கு. இந்தா, மாலையும் கழுத்துமா நிக்கது நீங்கதான?"

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர்தான். எத்தனையோ ரோடு போட்ட மகான். எது தரையில் போட்டது, எது தாளில் போட்டது என்று ஒரு மனிதர் எத்தனையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வது? அன்றைய விழாவில் பந்தல், பிரியாணி, பொன்னாடை எதிலும் குறை இல்லை. ரோட்டுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"'இங்கன ரோடு இல்ல'ன்னு ஒரு புகார் தட்டிவிட்டா, மேப்புலேருந்து எடுத்துருவான்" என்றார் அமலன்.

"எவன் பேர்லலே தட்டுவே? போட்டவனே வந்து, போடலைன்னு சொல்லவா?"

"அப்ப ரோட்டப் போட்டுருங்க."

அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏலே, பில்லு வாங்குன ரோட்ட மறுபடியும் போடச் சொல்லுதியே, அது முறைகேடு இல்லையா?"

இப்படியொரு மனச்சாட்சியோடு வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பளத்து ஓரம் கயிறும் ஆளுமாக ஒரு 'மீட்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவி பேச்சிச்செல்வி.

"நெசமாவே ரோடு இருந்தா எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு ஊரச் சுத்திப் போவாண்டாம்" என்றாள் அவள், கயிற்றைத் தோளில் போட்டபடி. "போவட்டும். இந்த ரோட்டால இன்னைக்காவது நாலு பேருக்கு வேலை கெடைச்சுதே."

பங்களா வாசலில் அண்ணாச்சி வேர்த்து வழிய நின்றார். கார்கள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு வீலிலும் உப்பு இல்லை. எல்லாம் ஊரைச் சுற்றி வந்திருந்தன.

"நேவிகேஷன் போடலியா, சம்பந்தி?"

"போட்டேனே. அந்தம்மா உப்பளத்துக்குள்ள திரும்பு திரும்புன்னு உயிர வாங்கிட்டா. நாந்தான் ஒரு காரும் அங்கன திரும்பப்பிடாதுன்னுட்டேன்."

அண்ணாச்சி துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஏன் சம்பந்தி?"

செந்தூர்வேல் உரிமையோடு அவர் தோளில் கை போட்டார்.

"அந்த ரோட்ட 'நேரில் ஆய்வு செய்தேன், தரம் நன்று'ன்னு ரிட்டயர் ஆவுததுக்கு முந்தி கையெழுத்துப் போட்டவனே நாந்தான். அதுல போயி என் பிள்ளைய கூட்டிட்டு வருவனா?"