இத்தாலி மலையில் நனைந்த தோல்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சில வருஷம் வேலை பார்த்தவனுக்கு மூக்கு இருப்பது மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான். சேர்ந்த புதிதில் சோறு இறங்காது. கொஞ்ச நாள் தலைவலி வரும். அதன் பிறகு மூக்கு கடையைக் கட்டிவிடும். நாங்கள் ரயிலில் ஏறினால் ஜன்னலோரம் தாராளமாக இடம் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார்கள். ஆம்பூர்க்காரனுக்கு எங்கே போனாலும் தனி மரியாதை என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். (மரியாதைதான், வேறென்ன!)

இந்த நம்பிக்கையோடுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடையில் இத்தாலிக்குக் கப்பல் ஏறினேன்.

போனவர்கள் மூன்று பேர். கபூர் என் பள்ளிக்கூடத் தோஸ்த். நான் வேலை பார்த்த ஷாப்பின் முதலாளி மகன். டேவிட் வேலூரில் ஒரு துரைக்குக் கார் ஓட்டியவன். ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரியாத உயரம். நான் தோலைத் தரம் பிரிக்கிற குமாஸ்தா. எனக்குத் தெரியாத தோல் உலகத்தில் இல்லை என்பது அந்த வயதில் என் தாழ்மையான அபிப்பிராயம்.

அப்போது லண்டனில் தோல் விலை விழுந்து, எங்கள் ஷாப்பில் பாதித் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. இத்தாலியில் ஒரு மலையூர்ப் பெரியவர், பூட்ஸுக்குத் தோல் வாங்குகிறவர், "மாதிரி கொண்டுவந்து காட்டுங்கள். பிடித்தால் வருஷா வருஷம் வாங்குகிறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். கபூரின் அத்தா அவனைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஆர்டரோட வந்தா ஷாப்பு உன்னுது. சும்மா வந்தா ஷாப்பை மூடிட்றேன். நீ ஆற்காட்டுல உன் மாமு கடையில போய் மக்கன் பேடா போடு."

கபூருக்கு இனிப்பைக் கண்டாலே குமட்டும். ஷாப்பை மூடினால் எனக்கும் வேலை போய்விடும். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

நேப்பிள்ஸில் இறங்கி ஒரு பழைய காரை வாடகைக்குப் பிடித்தோம். தோல் கட்டுகளைப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டிக்குள் அடைத்தோம். டேவிட்டுக்கு உயரம் போதவில்லை என்று ஒரு தோலை மடித்து அவன் சீட்டில் போட்டோம். வழியில் ஒர்வியேட்டோ, பெருஜியா, அசிசி என்று சரித்திரப் புகழ் பெற்ற மலையூர்களையெல்லாம் பார்த்துவிடுவது என்று திட்டம். (வேலூர்க் கோட்டைக்குள் நாங்கள் மூவருமே அதுவரை கால் வைத்ததில்லை.)

முதல் நாள் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கப்பல் காற்றில் தோல் கொஞ்சம் விறைத்திருந்தது. எங்கள் ஷாப்பில் விறைத்த தோலை மடிக்கும்முன் லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். இல்லையென்றால் மடிப்பில் வெடிக்கும். தெளிப்பதற்கே இவ்வளவு பலன் என்றால் ஊற்றினால் எவ்வளவு பலன் இருக்கும் என்று என் அறிவு வேலை செய்தது. கட்டுகளைச் சாக்கில் சுற்றி, தினமும் காலையில் மல்லிகைச் செடிக்கு ஊற்றுவதுபோல் ஒரு கூஜா தண்ணீர் ஊற்றி மூடிவந்தேன். வெளியே இத்தாலி வெயில், உள்ளே ஈரச் சாக்கு. கபூரிடம் சொல்லவில்லை. முதலாளி மகனுக்கு இதெல்லாம் எதற்கு?

ஒர்வியேட்டோவில் சத்திரத்துக்காரி கதவைத் திறந்து சிரித்தாள். அடுத்த மூச்சில் சிரிப்பு போய்விட்டது. அதற்கடுத்த மூச்சில் கதவு சாத்திக்கொண்டது.

"என் குல்லாவைப் பாத்து பயந்துட்டாடா," என்றான் கபூர். குல்லாவைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.

பெருஜியாவிலும் அதே கதை. இந்த முறை என் நெற்றி விபூதிதான் காரணம் என்று முடிவாயிற்று. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அதை அழித்துக்கொண்டேன். அசிசியில் டேவிட் நெஞ்சை நிமிர்த்தினான்.

"இது சாமியாருங்க ஊரு. நான் பேசறேன், நீங்க பின்னால நில்லுங்க."

சட்டைக்கு மேலே சிலுவையை எடுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தட்டினான். திறந்தவர் அவனைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கதவை மூடினார். அன்று மாலையே டேவிட் தன் மீசையைச் சிரைத்துப் போட்டான். குல்லா, விபூதி, மீசை எல்லாம் போய் நாங்கள் மூவரும் யார் என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆனால் காருக்குள் மட்டும் ஆம்பூர் அப்படியே இருந்தது.

காரிலேயே தூங்கினோம். ஒரு ரொட்டிக் கடைக்காரர் அடுப்பில் ரொட்டி தள்ளும் நீளக் கட்டையின் நுனியில் ரொட்டியை வைத்து, கடைக்குள்ளிருந்தே எங்களிடம் நீட்டினார்.

"பாத்தியா, கையால குடுத்தா மரியாதை இல்லன்னு கட்டையில குடுக்கறாரு," என்றேன். கபூருக்குக்கூட அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

பெரியவரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று அங்கே திருவிழா. தெருவோ எங்கள் ஊர்ச் சந்தைக் காலத்துத் தெருவைவிடக் குறுகல். "போய்டும், போய்டும்," என்று சொல்லிக்கொண்டே டேவிட் காரை ஒரு வளைவில் விட்டான். இரண்டு பக்கமும் கல் சுவர் கறமுற என்று உரசியது. கார் நின்றுவிட்டது. கதவைத் திறக்க வழியில்லை. பின்னால் பாண்டு வாத்தியச் சத்தம். திரும்பிப் பார்த்தால் புனிதர் சிலையைத் தோளில் சுமந்துகொண்டு ஊரே வருகிறது.

வாத்தியம் நின்றது. கூட்டம் எங்கள் காரைப் பார்த்தது. பிறகு ஒருவர் விடாமல் எல்லோரும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள்.

"இது இவங்க சம்பிரதாயம்டா. சாமி வர்றப்போ மூக்கைப் பொத்தணும் போல. நாமளும் பொத்துவோம், கெட்ட பேரு வேணாம்," என்றேன்.

மூன்று பேரும் பயபக்தியோடு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சிலையைப் பார்த்துத் தலை குனிந்தோம். கூட்டத்தில் எழுந்த கூச்சலை ஆசீர்வாதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கிழவர் மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. சிகப்பு அங்கி போட்டு, சிலைக்கு முன்னால் நின்றிருந்தார். காற்றை ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது. நேராக எங்களிடம் வந்து, "கபூர்?" என்றார். தோல்காரனைத் தோல்காரனின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நாங்கள் தேடிவந்தவர் அவர்தான்!

சிலையை இறக்கி வைத்துவிட்டு, சுமந்தவர்களே காரைப் பின்னால் தூக்கித் தள்ளிச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கபூர் கம்பீரமாகப் பெட்டியைத் திறந்தான். பெரியவரும் ஓரடி பின்வாங்கினார். கட்டுகள் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கபூர் என்னைப் பார்த்தான். "டேய்... இதுல யாருடா தண்ணி ஊத்துனது?"

"விறைச்சிருந்துதுன்னு... கொஞ்சமாத்தான்..."

"எப்போ?"

"டெய்லி."

அவன் திட்டவில்லை. அங்கேயே கல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பேடா போடறதுதான் எனக்கு விதிச்சிருக்குது," என்று மெல்லச் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவன் வாழ்க்கையை ஒரு கூஜாவால் கெடுத்துவிட்டேனே என்று வெட்கத்தில் அந்த மலையிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

பெரியவர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்து கைகளைத் துடைக்கும்போது அவர் பார்வை டேவிட் மேல் விழுந்தது. டேவிட் பயத்தில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை. பெரியவர் அவன் தொடைக்கடியில் எட்டிப் பார்த்து, எழுந்திரு என்று சைகை காட்டினார். அவனுக்கடியில் மடித்துப் போட்டிருந்த தோலை உருவினார். அதற்கு மட்டும் என் கூஜா எட்டவில்லை. நேப்பிள்ஸிலிருந்து டேவிட் தேய்த்த தேய்ப்பில் அது பளபளவென்று இருந்தது. பெரியவர் மடித்தார், முறுக்கினார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கபூரைக் கைபிடித்துத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

ஆர்டர் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. பெரியவர் என்னைச் சுட்டிக் காட்டி, தண்ணீர் ஊற்றுவதுபோல் கையைச் சாய்த்து, ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினார். எனக்கு இத்தாலி பாஷை புரிந்தது அந்த ஒரு தடவைதான்.

ஷாப்பு பிழைத்தது. கபூர் முதலாளியானான். "நம்ம ஷாப்பு டேவிட் உக்காந்த எடத்துல நிக்குது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் விடுவதில்லை. வீட்டிலும் செய்தி பரவி, என் மனைவி ரசத்துக்குத் தண்ணீர் சேர்க்கும்போதுகூட என்னை அடுப்பங்கரைக்கு வெளியே நிற்க வைத்தாள்.

பின்னாளில் என் மகளுக்குக் கல்யாணம். கபூர் சில்க் ஷெர்வானியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தாரை வார்க்கிற நேரம். ஐயர் தெரியாத்தனமாகச் செம்பை என் பக்கம் நீட்டினார்.

"ஐயரே!" என்று கபூர் எழுந்து நின்று கத்தினான். "செம்பை அவன் கையில குடுக்காதீங்க! மாப்பிள்ளைக்குப் பூஞ்சணம் புடிச்சிடும்!"

பந்தலே சிரித்தது. என் மனைவி செம்பைப் பிடுங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையும் கதையை முன்பே கேட்டிருப்பார் போல. தண்ணீர் விழுந்து முடிகிறவரை என் இரண்டு கைகளையும் விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.