வெறும் தரை விஷயமாக மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான். அங்கு உங்கள் நலத்தையும், அக்காவின் நலத்தையும், முக்கியமாக உங்கள் வீட்டில் கோபத்தோடு தங்கியிருக்கும் உங்கள் தங்கையின் நலத்தையும் அறிய ஆவல். போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். உங்களைக் கூப்பிட்டால் அவள் போனைப் பிடுங்கி அணைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

நடந்ததை அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். விமான நிலையத்தில் என் வேலை என்னவென்று நம் குடும்பத்தில் யாருக்கும் இன்றுவரை புரிந்ததில்லை. ஓடுபாதை முடிகிற இடத்துக்கு அப்பால் வெறும் தரை விட்டிருப்பார்கள். இறங்குகிற விமானம் மழை ஈரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால், அந்தத் தரையில் ஓடிச் சேதமில்லாமல் நிற்கும். அங்கே சுவர், பள்ளம், மரம், பாறை எதுவும் இருக்கக்கூடாது. இல்லாமல் பார்த்துக்கொள்பவன் நான். "அப்போ ஒண்ணுமில்லாததுக்கு வாட்ச்மேனா நீங்க?" என்று கல்யாணமான புதிதில் உங்கள் தங்கை கேட்டாள். அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும். வெறும் தரையைப் பார்த்தால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது மச்சான். தோட்ட வேலைக்காரர் 'நல்வரவு' என்று சிமெண்டில் எழுத்து கட்ட வந்தார், மேலாளர் பழைய ஏணிகளை அங்கே போட்டுவைக்கச் சொன்னார், எல்லாரோடும் மல்லுக்கட்டியே என் தொண்டை போயிற்று.

அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது, அதுதான் வினை. மாடிப்படி முடிகிற இடத்திலிருந்த செருப்பு அலமாரியை எடுத்தேன், செருப்பெல்லாம் படுக்கையறைக்குக் குடிவந்தன. வாசலுக்கு நேரே இருந்த சோபாவை மாடிக்கு ஏற்றினேன், அவளோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் வந்து நின்றபடியே காபி குடித்துவிட்டுப் போனார்கள். அதையும் பொறுத்தாள். கேட்டிலிருந்து வாசல்வரை நம் வீட்டில் சரிவு இருக்கிறதே, அதன் அடியில் அவள் வளர்த்த ரோஜாத் தொட்டிகளை நான் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனதைத்தான் பொறுக்கவில்லை. "வண்டி ஏதாவது நிக்காம வந்தா, ஓடி நிக்க இடம் வேணும்ல?" என்றேன். "நம்மகிட்ட வண்டியே இல்லையே!" என்றாள். "வந்தா?" என்றேன். வெயிலில் ரோஜா கருகியது. "வராத வண்டிக்கு இந்த வீட்ல இடம் இருக்கு, எனக்கு இல்ல. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் இல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வீட்டில் எங்கு பார்த்தாலும் இப்போது வெறும் தரைதான், அதைக் காவல் காக்க எனக்கு மனசில்லை. ஆகவே நான் தோற்றேன், அவள் ஜெயித்தாள். நேற்று புது ரோஜாச் செடிகளாக வாங்கிச் சரிவின் அடியில் வரிசையாக அடுக்கிவிட்டேன். அவள் ஆசைப்பட்ட இரும்பு ஊஞ்சலையும் அங்கேயே நிறுத்தியாயிற்று. இனி ஒருக்களித்துத்தான் வீட்டுக்குள் நுழைய முடியும், இருக்கட்டும். அவள் எப்போது வந்தாலும் வரட்டும் என்று கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். வெறும் தரை என்ற பேச்சை இனி என் வாயால் எடுக்க மாட்டேன் என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும் அதைவிட நல்ல மார்க்கும் கிடைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தோற்றதில் சந்தோஷப்படும்
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் பெரிய சத்தம். நீங்கள் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரேக் எது என்பதை அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயப்படாதீர்கள், அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் காரின் மூக்கு ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறது, செடிகள் காருக்கு அடியில் இருக்கின்றன. இறங்கியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைத்து அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, வண்டி வர்ற இடத்துல இதையெல்லாம் கொண்டுவந்து வச்சது யாரு?"