அரை லிட்டரின் எடை

மூன்றாவது ஓட்டத்தில் வண்டி ஏறுவதில்லை என்று தராசுக்காரர் முடிவு செய்தார். முதல் ஓட்டத்தில் பதினாறாவது கிலோமீட்டரிலும் அடுத்ததில் பதினெட்டாவதிலும், களைத்துப்போனவர்களை வாரிக்கொண்டு வரும் வண்டி அவரையும் ஏற்றிக்கொண்டிருந்தது. கடைசியான இருபத்தொன்றாவது கிலோமீட்டரை அவர் இதுவரை வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்.

"இந்தத் தடவை முடிக்கலைன்னா, தினம் கீழேருந்து தண்ணியை நானே தூக்கறேன். ஆயுசுக்கும்."

சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "முடிச்சுட்டா?"

"வண்டிப் பேச்சை நீ எடுக்கக் கூடாது. உன் தம்பியும் எடுக்கக் கூடாது."

"தம்பிக்கு வேற பேச்சே கிடையாதே, பாவம். சரி, சொல்லிப் பாக்கறேன்."

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. குடிதண்ணீர்க் குழாய் கீழே, படிக்கட்டின் காலடியில். தினமும் காலையில் பத்து லிட்டர் கேன்கள் இரண்டை கைக்கொன்றாக மனைவிதான் தூக்கி வருவாள். தராசுக்காரர் அந்த நேரத்தில் ஓட்டப் பயிற்சியில் இருப்பார்.

அவர் தராசு பழுது பார்ப்பவர். எதைக் கையில் எடுத்தாலும் எடை போட்டு, சின்னச் சீட்டில் எழுதி, அடியில் ஒட்டிவிடுவார். இஸ்திரிப் பெட்டி, உப்பு ஜாடி, மனைவியின் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. மனைவிக்கும் ஒன்று எழுதி, பிறகு புத்தி வந்து கிழித்துப் போட்டதாகக் கேள்வி.

ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பு புது விதி வந்தது. வழியில் இனிமேல் தண்ணீர் தரமாட்டார்கள். எறிந்த கோப்பைகளைப் பொறுக்கி மாளவில்லையாம். அவரவர் தண்ணீரை அவரவர் சுமக்க வேண்டும். ஆளுக்குக் குறைந்தது அரை லிட்டர். தொடங்கும் இடத்தில் பார்த்துத்தான் விடுவார்கள்.

தராசுக்காரர் இடிந்துபோனார்.

"பாட்டிலோட சேத்து ஐந்நூத்தி நாப்பது கிராம். இருபத்தோரு கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாரு. பதினோரு கிலோவுக்கு மேல!"

"ஏங்க, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பாட்டில் புதுசா முளைக்குமா?"

"உனக்குப் புரியாது. சுமைங்கறது தூரத்தோட சேந்தது."

"அப்ப என் ரெண்டு கேனையும் அறுவது படியால பெருக்குங்க."

"படி வேற, ரோடு வேற."

"ஆமாமா. ரோட்டுல வண்டி வரும்."

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை தைத்துத் தரச் சொன்னார். மனைவி, இழுத்தால் நீளும் இழுவைத் துணியில் நன்றாகவே தைத்தாள். அளவு எடுத்தபோது நாடாவால் அவர் இடுப்பைச் சுற்றிவிட்டு, தன் இடுப்பையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. அவர் மனதில் வேறு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

திட்டம் எளிது. தொடக்கத்தில் பாட்டிலைக் காட்டிவிட்டு, முதல் திருப்பத்திலேயே தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பத்தாவது கிலோமீட்டரில், ஒரு சிமென்ட் பெஞ்சுக்குப் பின்னால் புதர் இருந்தது. முதல் நாளே அங்கே இன்னொரு பாட்டிலை ஒளித்துவைத்தால் போதும்.

"பச்சைத் துணி ஏதாவது வெட்டினது மிச்சம் இருக்கா?"

"எந்தப் பச்சை?"

"சும்மா, பச்சை."

"இளம்பச்சையா, கரும்பச்சையா?"

அவர் யோசித்தார். "கரும்பச்சை. கொஞ்சம் பழுப்பு கலந்திருந்தா நல்லது. தூசி படிஞ்ச மாதிரி."

மனைவி துணி மூட்டையைக் கிளறி, அப்படியே ஒன்றை எடுத்துத் தந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அலமாரிக் கதவில் ஓட்டப் பாதையின் வரைபடம் ஒட்டியிருந்தது. அதில் பத்தாவது கிலோமீட்டரில் புதிதாக ஒரு பச்சைப் புள்ளி முளைத்திருந்ததைப் பற்றியும் கேட்கவில்லை. ஓட்டத்துக்கு முதல் நாள் மதியம் வெளியே போய்வந்தவரின் கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல் இருந்தது. அதை மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு, தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

ஓட்டத்தன்று எல்லாம் கணக்காக நடந்தது. பாட்டிலைக் காட்டினார். திருப்பத்தில் ஒரு பூந்தொட்டிக்கு ஊற்றினார். இடுப்பு லேசாயிற்று. தண்ணீரோடு ஓடுகிறவர்களைத் தாண்டும்போது அவர்கள் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

எட்டாவது கிலோமீட்டரில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பத்தாவதில் பெஞ்சு வந்தது. புதர் இருந்தது. பாட்டில் இல்லை.

மண்டியிட்டுத் தேடினார். தலையை உள்ளே விட்டுத் தேடினார். ஓடுகிறவர்கள் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"எதைத் தொலைச்சீங்க?"

பழகிய குரல். புதரிலிருந்து தலையை எடுத்தார். மனைவி நின்றிருந்தாள். மார்பில் ஓட்ட எண். இடுப்பில் அதே இழுவைத் துணியில் இன்னொரு பட்டை, இரண்டு பாட்டில்களோடு. மூச்சுகூட வாங்கவில்லை.

"நீ எப்படி இங்க?"

"பேர் குடுத்தேன். ஓட விட்டாங்க. தினம் கேனோட அறுவது படி ஏறறவளுக்கு இது சமதளம்தானே. தண்ணி வேணுமா?"

அவர் கையை நீட்டினார். அவள் பாட்டிலைக் கொடுக்கவில்லை.

"குடிச்சா, ஒரு வருஷம் கேன் தூக்கணும்."

"இது அநியாயம்!"

"குடிக்காட்டி வண்டி. வண்டி ஏறினா ஆயுசுக்கும். நீங்கதான் சொன்னீங்க."

தூரத்தில் அந்த வண்டி முதலாம் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் அவரை அடையாளம் கண்டு, சிநேகமாகக் கையை ஆட்டினார்.

"ஆறு மாசம்," என்றார் தராசுக்காரர்.

"ஒரு வருஷம். மூடியைத் திறக்கட்டுமா?"

குடித்தார். அரை லிட்டரையும் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு இருவரும் ஓடினார்கள். சரியாகச் சொன்னால், அவள் முன்னால் ஓடினாள். அவர் அவளுடைய பட்டையில் பின்பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டே ஓடினார். கடைசிக் கோட்டைத் தாண்டியபோது அவர் கண் கலங்கியது. உடம்பில் அதற்கும் தண்ணீர் மிச்சமிருந்தது ஆச்சரியம்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதக்கத்தை எடை போட்டார். நூற்றிருபது கிராம். அடுத்து, வழியில் அவள் கொடுத்த பாட்டிலை வெறுமையாகத் தட்டில் வைக்கப் போனார். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 540. அவருடைய கையெழுத்து.

"இது நான் புதர்ல வெச்ச பாட்டில்."

"ஆமா," என்றாள் மனைவி, நூலைக் கோத்துக்கொண்டே. "நேத்தே எடுத்துட்டேன். அந்தத் துணி எனக்கு வேண்டியிருந்தது."

"என் தண்ணியை எனக்கே..."

"உங்க தண்ணிதான். பத்து கிலோமீட்டர் நான்ல தூக்கினேன்? பெருக்கிப் பாருங்க."

அவர் பெருக்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கேன்களை நிரப்பிக்கொண்டு அவர் முதல் படியில் கால் வைத்தார். இருபது கிலோ. சுற்றிலும் பார்த்தார். படியோரம் ஒரு பூந்தொட்டி இருந்தது. கேன் மூடியில் அவர் கை போனது.

மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பாத்துக் கொண்டாங்க. தராசை வாசல்லயே எடுத்து வெச்சிருக்கேன்."