காதுகுத்தாகிப்போன பொதுக்கூட்டம்

எருத்தேன்பதி,
பிப்ரவரி 1977, திங்கட்கிழமை

வண்டன்மேட்டில் ஏலச்செடிகளுக்கும் அட்டைகளுக்கும் நடுவே நலமாக இருக்கும் என் அன்பு அண்ணன் நஞ்சப்பன் அவர்களுக்கு, தங்கை சாந்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். உங்கள் மாப்பிள்ளை கேரள சட்டசபைக்கு நிற்கிறார். அது தவிர அவரும் சுகம். உங்கள் கடிதத்துக்குப் பதில் தாமதமானதும் அதனால்தான்.

வாய்க்காலின் கடைசி மடைக்குத் தண்ணீர் கேட்டு இரண்டு முன்னணிக்காரர்களிடமும் நடந்து சலித்துப்போய், இவரும் பொங்கியண்ணனும் மூன்றாவதாக ‘கடைமடை விவசாயிகள் கட்சி’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பொங்கியண்ணன் தலைவர், இவர் வேட்பாளர், தொண்டர் படை நான். மற்றவர்களுக்கு ஜீப், மைக், கோஷம் போட ஆள். எங்களுக்கு ஒரு சைக்கிள், அதிலும் பெல் இல்லை. முதல் பொதுக்கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வழியில்லாமல், “நாமளே ஊடு ஊடாப் போயி அழைச்சுட்டு வந்தரலாம்” என்றார். புருஷனும் பெண்டாட்டியுமாக அழைக்கப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? பட்டுப்புடவை கட்டி, பாப்பாவை இடுப்பில் வைத்து, குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் குங்குமம் கொடுத்து அழைத்தால் அது வீட்டு விசேஷம் என்று பி.ஏ. படித்தவளுக்கு அப்போது தோன்றவில்லை அண்ணா. “ஞாயித்துக்கெழமை அவசியம் வந்தரோணுங்க” என்றதும் எல்லோரும் பாப்பாவின் மூளிக் காதைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

எட்டு நாள் முன்பு, அந்த ஞாயிறன்று வந்தார்கள் பாருங்கள்! மாட்டு வண்டி கட்டிக்கொண்டு, தேங்காய் பழத் தட்டோடு, ஊரே வந்தது. இவர் “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே” என்றாரோ இல்லையோ, முன்வரிசையிலிருந்து பொன்னாத்தாள் அக்கா, “அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க, நல்ல நேரம் போகுது, தாய்மாமன் எங்கீங்க?” என்றார். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு முன்னணியின் வேட்பாளர் நல்லதம்பி, இவ்வளவு கூட்டமா என்று பயந்து ஜீப்பில் வேவு பார்க்க வந்தார். விஷயம் தெரிந்ததும் “அம்மிணி, நானும் உங்க குலந்தானுங்க, அண்ணன் மொறை. புள்ளையக் குடுங்க” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அழாத குறையாக, “ஒரு காதையாவது எங்க அண்ணனுக்கு விட்டு வையுங்க” என்றேன். “தொகுதியாங்க அம்மிணி, பங்கு வெச்சுக்கறதுக்கு?” என்று ஆசாரி இரண்டையும் குத்திவிட்டார். பாப்பாவைவிட நல்லதம்பி அதிகம் அழுதார். போதாததற்குப் பாப்பா அவர் கதர் வேட்டியை நனைக்க, “கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சு!” என்று பொங்கியண்ணன் கத்தினார். அன்று எழுந்த ஒரே கோஷம் அதுதான்.

அன்றோடு தேர்தல் கெட்டது. “எங்க மாப்பிள்ளை தங்கமானவருங்க, ஆனா ஓட்டை எனக்குப் போடுங்க” என்று அவர் மைக்கில் சொல்கிறார். “மச்சானை எப்பிடித் திட்டறது?” என்று இவர் வாயே திறப்பதில்லை. நேற்று நல்லதம்பி வீட்டுக்கே வந்து, “மச்சான் கேக்கறேன், வாபஸ் வாங்கிக்குங்க” என்றார். இவருக்குப் பாதி மனசு. எனக்கு முழு மனசு. தோற்றால் இவர் எப்படித் தலைகாட்டுவார்? ஜெயித்துத் தொலைத்தால் கைக்குழந்தையோடு நான் திருவனந்தபுரத்தில் என்ன செய்வேன்? வெள்ளிக்கிழமை மூன்று மணி வரைதான் கெடு. நீங்கள் உடனே வந்து ஒரு வார்த்தை சொன்னால் தட்டமாட்டார்.

அண்ணிக்கு என் அன்பு. ஏலக்காய் நல்ல விலைக்குப் போகட்டும். அட்டைகள் வேறு காலைத் தேடிக்கொள்ளட்டும்.

உங்கள் தங்கை,
சாந்தம்மாள்

பின்குறிப்பு (வியாழன்): தபாலில் போடச் சொன்ன இந்தக் கடிதத்தை இவர் சட்டைப்பையிலேயே சுமந்து திரிந்திருக்கிறார். நல்லதாய்ப் போயிற்று. இன்று நல்லதம்பி மறுபடி வந்தார். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்கு, “கடைமடைக்கு எந்தக் காலத்துலீங்க தண்ணி வந்துது? பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க அம்மிணி” என்றார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அண்ணா, வாபஸ் பேச்சே எடுக்க வேண்டாம், உங்கள் தோட்டத்து ஜீப்போடு ஓட்டுக் கேட்க வாருங்கள். நாளைக் காலை பாலக்காடு போய் வாபஸ் வாங்கிவிடுவதாக இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியே கட்டிப்போக இவருக்கு இருப்பது மூன்று வேட்டி. மூன்றையும் இப்போதுதான் ஊறப்போட்டேன்.