சைலன்சரில் குடியிருந்த முனி

ஆரணியில் இப்போது பேய்கள் வேப்பமரத்தில் தங்குவதில்லை. பைக் சைலன்சருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வாடகை இல்லை, குளிருக்கும் இதம்.

இதைக் கண்டுபிடித்த மகான் சைலன்சர் சாமியார். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற பெண்ட் பைப்பைக் கழற்றிவிட்டு, சத்தத்துக்கு ஆசைப்பட்டுப் புதுப் பைப் மாட்டிய இளைஞர்கள் அவர் வாசலில் திருவிழாக் கூட்டமாக நின்றார்கள். ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் போதும், வண்டி 'டப் டப்' என்று வெடிக்கும். உள்ளே முனி இருமுகிறது என்றார் சாமியார்.

வைத்தியம் எளிது. சுத்தப் பட்டு நூலை மந்திரித்துப் பைப் மூட்டில் சுற்றுவார். எஞ்சின் சூடேறியதும் முடி கருகும் நாற்றம் கிளம்பும். எரிவது முனியின் முடியாம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகும் வண்டி வெடித்தால் முனி உயிர்ப்பலி கேட்கிறது என்று அர்த்தம், வண்டியைத் தலைமுழுகியாக வேண்டும். வெடிக்காத வண்டி ஒன்றுகூட இல்லை. வந்த விலைக்கு வாங்கிக்கொள்ளச் சாமியாரின் மச்சான் டெம்போவோடு பக்கத்திலேயே காத்திருந்தார். மச்சானை மட்டும் முனி ஒன்றும் செய்யாது. குடும்பப் பாசம்.

நெசவாளி கிரணின் வண்டியும் இருமியது. அது போனால் முள்ளிப்பட்டு ஊரில் இருக்கும் முதலாளியிடமிருந்து நூல் கொண்டுவர வழியில்லை, வீட்டுத் தறி நின்றுவிடும். ஆனாலும் உயிர்ப் பயத்தில் விற்கத் துணிந்துவிட்டான். அவன் மனைவி ஜெயப்ரியா ஒன்றே ஒன்று கேட்டாள். மந்திரிக்கிற நூலை அவள்தான் கொண்டுவருவாளாம்.

சாமியார் மந்திரித்தார், சுற்றினார். எஞ்சின் உறுமியது. கூட்டம் மூக்கை நீட்டியது. வந்தது பிளாஸ்டிக் நாற்றம்.

“இன்னா சாமி, முனி மொட்ட போட்டுகிச்சா?” என்றாள் ஜெயப்ரியா.

சாமியார் குனிந்து பைப்பை மோந்து பார்த்தார்.

“நான் குடுத்தது பாலியஸ்டர் நூலுங்க. பட்டக் கொளுத்தினா முடி நாத்தம் வரும். நாம தெனம் மோந்து பாத்துகினு இருக்கறதுதான?”

கூட்டத்தில் பாதிப் பேர் நெசவாளிகள். ஓர் இழையைக் கொளுத்தி மோந்தே அசல் பட்டா, போலியா என்று சொல்லிவிடுகிற மூக்குகள். சாமியார் வாசலில் செருப்போடு மூளையையும் கழற்றி வைத்துவிட்டார்கள், பாவம்.

ஜெயப்ரியா விடவில்லை. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்ப்பதைப் பார்த்தவள் அவள். எஞ்சின் ஆறியதும் பைப் மூட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சைலன்சர் வாயைத் துணியால் பொத்தி, ஒரு நொடி ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். மூட்டைச் சுற்றிக் குமிழி குமிழியாகப் பொங்கியது. முனி சோப்புப் போட்டுக் குளிக்கிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

கழற்றிப் பார்த்தால், பைப் மூட்டின் இடுக்கை அடைக்க வேண்டிய கேஸ்கட் வளையத்தைக் காணோம். மொபைலில் வீடியோ பார்த்து மாட்டிய கிரண், பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைக்க மறந்திருந்தான். அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்து, பைப்புக்குள் எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் வெடித்ததுதான் முனியின் இருமல். வளையம் வைத்துப் போல்ட்டை முடுக்கியதும் இருமல் நின்றது. எல்லா வண்டியிலும் இதே கதைதான் என்று புரிந்ததும், மச்சானின் டெம்போவைக் கூட்டம் மறித்து, ஏற்றிய பைக்குகளையெல்லாம் இறக்கியது. கிரண் வெட்கமும் சந்தோஷமுமாக மனைவியைப் பின்னால் உட்காரவைத்து முள்ளிப்பட்டுக்குப் பறந்தான்.

ஆரணி மக்களே, பட்டுச் சேலையைக்கூட ஓர் இழை கொளுத்திப் பார்த்துத்தான் நம்புகிறீர்கள். சாமியாரைக் கொளுத்த வேண்டாம். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், நாற்றம் தானாக வரும்.